செம்பு பாய்லரா, கீசரா?

மயிலாப்பூரில் உள்ள எங்கள் பழைய ஓட்டு வீட்டின் கிணற்றடியில் பாட்டி காலத்துச் செம்பு பாய்லர் இன்னும் நிற்கிறது. மார்கழி பிறந்தால் வீட்டில் வழக்கு தொடங்கிவிடும்: அதையே மூட்டுவதா, கீசர் வாங்குவதா?

பாய்லரின் சூட்சுமம் நடுக்குழாய். அதற்குள் கரியும் கொட்டாங்கச்சியும் எரிய, சுற்றிலும் உள்ள தண்ணீர் சூடேறும். மேலே ஒரு செம்பு பச்சைத்தண்ணீர் ஊற்றினால்தான் மூக்கு வழியாக ஒரு செம்பு வெந்நீர் வரும். மின்சாரம் போனாலும் கவலையில்லை. ஆனால் சாம்பல் அள்ள வேண்டும், புளி போட்டுத் தேய்க்க வேண்டும் (தேய்ப்பது யார் என்பது தனி வழக்கு). திறந்த வெளியில் மட்டுமே மூட்டலாம். மூடிய குளியலறையில் கரிப்புகை ஆளையே கொல்லும்.

15 லிட்டர், 2000 வாட் கீசர் 28 டிகிரித் தண்ணீரை 60 டிகிரிக்கு ஏற்ற ஏறத்தாழ இருபது நிமிடம் ஆகும். செலவு அரை யூனிட்டுக்குச் சற்று மேல். சிக்கல் சுவருக்குள் இருக்கிறது. பழைய வயரிங் தாங்காது. 16 ஆம்பியர் பிளக்கும் சரியான எர்த்தும் கொண்ட தனி லைன் இழுத்தாக வேண்டும். போர்வெல் உப்புத்தண்ணீர் என்றால் காயிலில் வெள்ளையாகப் படிவு கட்டும்.

அன்றாடத்துக்குக் கீசர் என்பதே என் கட்சி. தீபாவளி விடியற்காலைக்கு மட்டும் பாய்லர். கொட்டாங்கச்சியை இப்போதே சேர்த்து வைக்கிறேன்.