படம் எடுத்தார்கள், காலைத் தொடவில்லை

இந்த முறை ஊரில் வங்கி வேலை, பத்திர வேலை எல்லாம் வம்பில்லாமல் முடிந்தன. அவற்றைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. எழுத வைத்தது என் வலது குதிகால்.

காலையில் கட்டிலைவிட்டு இறங்கி முதல் அடி வைத்தால் ஆணி இறங்குவது போல வலி. நாலடி நடந்தால் குறையும், உட்கார்ந்து எழுந்தால் மறுபடி ஆரம்பிக்கும். நான் வசிக்கும் வெளிநாட்டில் நாள் முழுக்க மெத்தென்ற ஷூவுக்குள் கிடந்த கால்; இங்கே தட்டைச் செருப்பு, கடினமான தரையில் வெறுங்கால், போதாக்குறைக்கு நடையோ நடை.

எலும்பு மருத்துவரிடம் போனேன். டோக்கன் வாங்கிய கொஞ்ச நேரத்தில் கூப்பிட்டுவிட்டார்கள். அங்கே இதற்கு வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும் என்பதால் மனசு குளிர்ந்துபோனது. அதோடு சரி. டாக்டர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் எக்ஸ்ரேயும் யூரிக் அமிலப் பரிசோதனையும் எழுதினார். சாக்ஸைக் கழற்றட்டுமா என்று கேட்டேன். “முதல்ல படம் எடுத்துட்டு வாங்க சார்.” படமும் வந்தது. “எலும்பு வளர்ந்திருக்கு, அதான் குத்துது. ஒரு ஊசி போட்டுடலாம்.” கடைசிவரை அந்தக் காலை யாரும் தொடவில்லை.

அப்படி வளர்ந்த எலும்பு முள், வலியே இல்லாத எத்தனையோ பேர் காலிலும் இருக்கிறது. வலிப்பது பெரும்பாலும் குதிகால் எலும்பில் தொடங்கி விரல்கள்வரை உள்ளங்காலைத் தாங்கும் தடித்த சவ்வு. அந்தச் சவ்வின் வலிக்குத்தான் பிளான்டார் ஃபேசியைட்டிஸ் என்று பெயர். உடல் எடை, நெடுநேர நிற்றல், இறுகிய கெண்டைக்கால், திடீரென்று கூடிய நடை எல்லாம் அந்தச் சவ்வின் மேல்தான் விழும். யூரிக் அமிலம் வேலையைக் காட்டுவது பெரும்பாலும் பெருவிரல் மூட்டில், அதுவும் சிவந்து வீங்கி. ஸ்டீராய்டு ஊசி சில வாரங்களுக்கு வலியைக் குறைக்கும், உண்மைதான். ஆனால் சவ்வு கிழியவும் குதிகாலின் கொழுப்புத் திண்டு மெலியவும் வாய்ப்புண்டு. அதையா முதல் நாளே நீட்டுவது?

ஊசி வேண்டாம் என்று எழுந்து வந்துவிட்டேன். தங்கைதான் தனக்குத் தெரிந்த பிசியோதெரபிஸ்ட்டிடம் இழுத்துப் போனாள். சின்னப் பெண். “காலைல முதல் அடிதானே அங்கிள்?” என்றபடியே விரல்களைப் பின்னால் வளைத்து, குதிகாலின் அடியில் உள்பக்கமாகக் கட்டைவிரலை வைத்து ஒரு அழுத்து. கத்திவிட்டேன். அவள் முகத்தில் திருப்தி. அப்புறம் எலும்பில் விரிசல் இருக்குமோ என்று குதிகாலை இரு பக்கமும் அழுத்திப் பார்த்தாள். மரமரப்பு, எரிச்சல் உண்டா, சர்க்கரை இருக்கிறதா என்று கேட்டாள். சர்க்கரையால் கால் மரத்தவர்கள் வெந்நீரில் காலை வைத்துப் புண்ணாக்கிக்கொண்டு வருவார்களாம். அங்கே என்றால் மரியாதையாக மின்னஞ்சலில் ஒரு துண்டறிக்கை வந்திருக்கும், அவ்வளவுதான்.

சொல்லிக் கொடுத்தவை இவை: கட்டிலைவிட்டு இறங்கும் முன்பே காலை மறுதொடை மேல் போட்டு, விரல்களைக் கையால் பின்னுக்கு இழுத்துப் பத்து எண்ணும்வரை பிடிப்பது, பத்து தடவை. சுவரில் கை ஊன்றி, பின்கால் முட்டி மடங்காமல், குதிகால் எழாமல் கெண்டைக்காலை நீட்டுவது. ஒருநாள் விட்டு ஒருநாள், விரல்களுக்கு அடியில் துண்டைச் சுருட்டி வைத்துப் படியில் நின்று மெல்ல எம்பி மெல்ல இறங்குவது. வீட்டுக்குள்ளும் மெத்தென்ற செருப்பு. ராத்திரி ஓய்விலும் வலித்தாலோ, இரண்டு குதிகாலும் சேர்ந்து காலையில் நெடுநேரம் விறைத்திருந்தாலோ தள்ளிப்போடாமல் மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்றாள்.

வலி குறைந்திருக்கிறது, போகவில்லை. பெரும்பாலானோருக்கு அறுவை சிகிச்சை இல்லாமலே சரியாகிவிடும், ஆனால் மாதக்கணக்கில் ஆகலாம் என்று அந்தப் பெண் முதலிலேயே சொல்லிவிட்டாள். அம்மாவுக்குத்தான் அந்தக் கணக்கு பிடிக்கவில்லை. போனில் தினமும் அதே பாட்டு: “அந்த ஊசியைப் போட்டிருந்தா இந்நேரம் சரியாப் போயிருக்கும்.”