நான்கும் தொண்ணூறும்

காவேரிப்பட்டணம் பக்கம் ஒரு மாங்கூழ் ஆலையில் ஏற்றுமதிப் பிரிவில் இருக்கிறேன். எங்கள் டப்பாக்களில் பாதிக்கு மேல் அரபு நாடுகளுக்குத்தான் போகின்றன. வாங்க வருகிறவர்கள் தங்களுக்குள் பேசிச் சிரிக்கும்போது நான் மட்டும் பொம்மை மாதிரி நிற்பது பிடிக்காமல் 2019இல் அரபி படிக்கத் தொடங்கினேன். போனில் இறக்கிய பாடச் செயலி மூன்று மாதமும் பூனை, ஆப்பிள், அத்தை வீடு என்றே சுற்றியது. அதைக் கைவிட்டுச் செய்தி கேட்கப் போனபோது துனிசியாவில் அதிபர் தேர்தல். ஆறு ஆண்டாகத் தேர்தல் செய்திதான் என் பாடம். கிருஷ்ணகிரி டவுன் பஸ்தான் பள்ளிக்கூடம்.

தேர்தல் செய்தி எனக்குப் புதிதல்ல. 1996இல் பர்கூரில் ஜெயலலிதா தோற்றதை டீக்கடை ரேடியோவில் அப்பாவின் மடியில் உட்கார்ந்து கேட்டவன். யார் நின்றார், யார் முந்தினார், யார் புகார் சொன்னார் என்ற வரிசை எந்த ஊரிலும் மாறுவதில்லை. கதை தெரிந்த கூத்தைப் பார்ப்பது போல, அடுத்து என்ன வரும் என்று காது முன்கூட்டியே காத்திருக்கும். அதே முப்பது, நாற்பது சொற்கள் நாள் முழுக்கத் திரும்பத் திரும்ப வரும்.

சறுக்கல்களும் உண்டு. ‘ஜவ்லா’ என்றால் சுற்று என்று அறிந்ததும், நம் ஊர் வாக்கு எண்ணிக்கைச் சுற்று என்றே எடுத்துக்கொண்டேன். துனிசியாவில் இரண்டாவது ஜவ்லா என்பது இரண்டாவது வாக்குப்பதிவு. 2019 அக்டோபர் 13இல் அதில்தான் கைஸ் சயீத் வென்றார். அந்த மனிதருக்கு நான் கடமைப்பட்டவன். சட்டப் பேராசிரியராக இருந்தவர், எப்போதும் இலக்கண சுத்தமான அரபியிலேயே பேசுவார். அவருடைய அரசியல் எப்படியோ போகட்டும், எனக்குப் புரிந்த முதல் அரபிப் பேச்சு அவருடையதுதான்.

‘வக்கீல்’ என்று காதில் விழுந்ததும் கோர்ட் வழக்கு என்று நினைத்தேன். வேட்பாளரின் பூத் ஏஜென்டாம். ‘ஸுந்தூக்’ வந்தபோது இன்னும் திகைப்பு. தமிழ் முஸ்லிம் வீடுகளில் சந்தூக் என்றால் ஜனாஸாவை, அதாவது இறந்தவர் உடலைச் சுமக்கும் பெட்டி; இங்கே அது வாக்குப் பெட்டி. தேர்தலைக் குறிக்கும் ‘இன்திகாபாத்’தைப் பழையபேட்டைப் பெரியவர் ஒருவரிடம் சொல்லிக் காட்டினேன். “இது எங்கள் உருதுப் பேப்பரிலும் வருகிற சொல்தான் தம்பி, ஆனால் நீங்கள் சொல்வது தும்மல் மாதிரி இருக்கிறது” என்றார்.

உயிரை வாங்கியது எண்கள்தான். அரபியில் தொண்ணூற்று நான்கு என்பது ‘நான்கும் தொண்ணூறும்’, அதாவது ‘அர்பஅ வ திஸ்ஈன்’. ஒன்றின் இடம் முதலில், பத்தின் இடம் பிறகு. நான்கை மனத்தில் குறித்து முடிப்பதற்குள் அடுத்த வாக்கியம் போய்விடும். எழுபதும் தொண்ணூறும் வேறு (ஸப்ஈன், திஸ்ஈன்) ஒன்றுபோலவே ஒலிக்கும். 2024 செப்டம்பரில் அல்ஜீரியாவில் அதிபர் தெப்பூன் 94.65 சதவீதம் பெற்றதாக அறிவித்தார்கள். சரியாகப் பிடித்துவிட்டேன் என்று ஒரே மகிழ்ச்சி. ஒரு வாரம் கழித்து அதே இடத்தில் ‘அர்பஅ வ ஸமானீன்’, நான்கும் எண்பதும், என்று கேட்டது. என் காதுதான் பிசகியது என்று நான்கு முறை திருப்பிப் போட்டேன். காதில் கோளாறு இல்லை. அரசியலமைப்பு நீதிமன்றம் இறுதி முடிவை 84.30 என்று திருத்தி அறிவித்திருந்தது.

குறை என்றால், செய்தி வாசிப்பவர் பேசுவது புரிகிறது, வாக்களித்துவிட்டு வெளியே வருகிறவர் பேசுவது புரிவதில்லை. மைக்கை வாக்காளரிடம் நீட்டியதும் வட்டார வழக்கு கொட்டும். நான் ஜன்னலுக்கு வெளியே பார்ப்பேன். பிபிசியின் அரபி வானொலி 2023 ஜனவரியில் நின்றதும் எனக்குப் பெரிய இழப்பு. படம் இல்லாமல் கேட்டால்தான் காது வேலை செய்கிறது.

போன சீசனில் ஏமனிலிருந்து ஒருவர் வந்தார். டப்பாவைத் திறந்து கரண்டியால் கூழைத் தூக்கிப் பார்த்து, “நிஸ்பத் அஸ்ஸுக்கர்?” என்றார். வாக்குப்பதிவு சதவீதத்தைச் சொல்லும்போது ஆயிரம் முறை கேட்ட அதே ‘நிஸ்பத்’. சர்க்கரை அளவைக் கேட்கிறார் என்று புரிந்து, “அர்பஅத அஷர்” என்றேன், பதினான்கு. அவர் கரண்டியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். செய்தி வாசிக்கிறவர் மாதிரி பேசுகிறீர்களே என்று நிதானமாகச் சொன்னார். அதுவும் புரிந்தது.

பிறகு டீ வந்தது. அதைப் பார்த்து வேகமாக ஏதோ சொன்னார். ஒரு சொல்லும் பிடிபடவில்லை. சர்க்கரைக் கிண்ணத்தை அவரே எட்டித் தள்ளி வைத்த பிறகுதான் விஷயம் விளங்கியது.