லோ கார்ப் பாக்கெட்டுகள்: வேலூரில் வாங்கித் தின்று பார்த்த அனுபவம்

எந்தக் கம்பெனியும் எனக்கு இலவசமாக எதுவும் அனுப்பவில்லை, எல்லாம் என் காசு. சுகர் வந்து, டாக்டர் மாவுச்சத்தைக் குறைக்கச் சொன்னதிலிருந்து சில வருஷமாக லோ கார்ப் (மாவுச்சத்து குறைவு), கீட்டோ (அது இன்னும் குறைவு), டயாபெடிக் ஃப்ரெண்ட்லி என்று அச்சடித்த பாக்கெட்டுகளை வாங்கிக்கொண்டிருக்கிறேன், சந்தேகத்தோடுதான். வேலூரில் இதற்குப் பஞ்சமே இல்லை. சிஎம்சி ஆஸ்பத்திரி எதிரே, காந்தி ரோடு, அதைச் சுற்றியுள்ள சந்துகள் எல்லாம் போனால் வங்காள எழுத்தில் போர்டு வைத்த கடைகள் வரிசையாக இருக்கும். வங்காளத்திலிருந்தெல்லாம் வைத்தியத்துக்கு வந்து லாட்ஜில் தங்கியிருப்பவர்களை நம்பி, மெடிக்கல் ஷாப் கவுண்டரிலேயே சுகர் ஃப்ரீ பிஸ்கட்டையும் புரோட்டீன் பாரையும் அடுக்கி வைத்திருப்பார்கள். மாத்திரைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதால் அந்தப் பாக்கெட்டுக்கும் ஒரு மருந்துக் களை வந்துவிடுகிறது. என் சந்தேகமே அங்கேதான் ஆரம்பித்தது.

நான் முன்பக்கத்தைப் படிப்பதில்லை. நேராகத் திருப்பி, பொருள்கள் பட்டியலுக்குப் போவேன். எடையில் எது அதிகமோ அதை முதலில் போடவேண்டும் என்பது விதி. சத்துவாச்சாரியில் நான் வாடிக்கையாகப் போகும் கடை பாய், "இன்னாம்மா, பரீட்சைக்கா படிக்கிறீங்க?" என்பார். படித்தால்தானே தெரிகிறது, ராகி பிஸ்கட் என்று பெரிதாகப் போட்ட பாக்கெட்டில் முதல் பெயர் மைதா, அப்புறம் பாமாயில், அதற்கும் பின்னால்தான் ராகி, பக்கத்தில் வெட்கப்படும் அளவுக்கு ஒரு சதவீதம். சுகர் ஃப்ரீ என்றது பொய்யில்லை. 100 கிராமில் சர்க்கரை அரை கிராமுக்கு மேல் இல்லாவிட்டால் அப்படிப் போட்டுக்கொள்ளலாம் என்று நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ விதியே சொல்கிறது. சர்க்கரை இல்லை, சரி, மைதா எங்கே போகும்? மால்டோடெக்ஸ்ட்ரின் என்ற ஸ்டார்ச் பொடி இன்னும் மோசம், அது பெரும்பாலும் சர்க்கரை என்ற வரியில் சிக்காது, உள்ளே போனால் குளுக்கோஸ் வேகத்தில் ஏறும். இதை எல்லாம் சொன்னால் பாய், "நல்லா போவுதும்மா, எல்லாரும் வாங்குறாங்க" என்பார். அவர் மேல் தப்பில்லை, அவர் அதைச் செய்யவில்லையே.

இன்னொன்று, சிறுதானியம் என்றாலே லோ கார்ப் என்று நம் பக்கத்தில் நிறையப் பேர் நினைக்கிறார்கள். ராகி மாவில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு மாவுச்சத்துதான். நார்ச்சத்து, கால்சியம் எல்லாம் உண்டு, நல்ல சாப்பாடு, மறுக்கவில்லை. ஆனால் லோ கார்ப் இல்லை. டயாபெடிக் ஆட்டா என்று வரும் மல்டிகிரெய்ன் மாவுக்கும் இதே கதை, பட்டியலில் முதலில் கோதுமை நிற்கும்.

இனி நெட் கார்ப். இதில்தான் கை வைக்கிறார்கள். மொத்தக் கார்பிலிருந்து நார்ச்சத்தைக் கழி, சுகர் ஆல்கஹாலைக் (சர்க்கரைக்குப் பதில் போடும் ஒருவகை இனிப்பு, சாராயம் இல்லை) கழி, மிச்சம்தான் கணக்கு என்பார்கள். உதாரணத்துக்கு ஒரு 40 கிராம் பார் எடுத்துக்கொள்ளுங்கள், மொத்தம் 22 கிராம் கார்ப், அதில் நார் 6, மால்டிட்டால் என்ற சுகர் ஆல்கஹால் 12, ஆக நெட் கார்ப் வெறும் 4 என்று முன்பக்கத்தில் கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். மால்டிட்டால் சும்மா வந்து சும்மா போகிற சரக்கில்லை, சர்க்கரையில் பாதி அளவுக்குக் கலோரி தரும், ரத்தத்தில் சுகரையும் ஏற்றும். அதனால் நான் அதில் பாதியைத்தான் கழிப்பேன். அப்போது 4 இல்லை, 10. எரித்ரிட்டால் என்ற இன்னொரு சுகர் ஆல்கஹால் என்றால் முழுசாகக் கழிக்கலாம், அது பெரும்பகுதி அப்படியே சிறுநீரில் போய்விடும். (எரித்ரிட்டாலுக்கும் ஒரு வம்பு உண்டு: ரத்தத்தில் அது அதிகம் இருந்தவர்களுக்கு மாரடைப்பும் பக்கவாதமும் கூடுதலாக வந்ததாக 2023-இல் ஓர் ஆய்வு வந்தது. காரணம் அதுதான் என்று நிரூபணம் ஆகவில்லை, ஆனாலும் நான் அளவோடு நிறுத்திக்கொள்கிறேன்.) பெயருக்குப் பதில் நம்பர் போட்டிருந்தால் 965 மால்டிட்டால், 968 எரித்ரிட்டால், இந்த இரண்டை மட்டும் மனப்பாடம் செய்தால் போதும், பாதி வேலை முடிந்தது. ஐசோமால்டோ ஒலிகோசாக்கரைடு என்று வாயில் நுழையாத ஒன்றை நார்ச்சத்து என்று காட்டியிருந்தால் நான் பாக்கெட்டை வைத்துவிடுவேன். அதில் நல்ல பங்கு செரித்து சர்க்கரையாகிறது, அமெரிக்க உணவு, மருந்து ஆணையமான எஃப்டிஏ அதை நார்ச்சத்துக் கணக்கிலேயே சேர்க்கவில்லை.

வெளிநாட்டுச் சரக்கு வாங்குகிறவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அமெரிக்க லேபிளில் மொத்தக் கார்புக்குள் நார்ச்சத்தும் அடக்கம். ஐரோப்பிய லேபிளில் நார் தனி, கார்ப் என்று போட்டிருப்பதில் அது ஏற்கெனவே கிடையாது. துபாயிலிருந்து சொந்தக்காரர் கொண்டுவந்த ஐரோப்பிய கிரானோலாவில் இன்னொரு முறை நாரைக் கழித்தால் கார்பே இல்லாத அதிசய உணவு கிடைக்கும், கணக்கில் மட்டும்.

கணக்கு எப்படி வந்தாலும் கடைசியில் நான் நம்புவது குளுக்கோமீட்டரைத்தான். புதுச் சரக்கு எதுவானாலும் தனியாக, வேறெதுவும் சேர்க்காமல் தின்று, முன்னால் ஒரு தடவை, இரண்டு மணி நேரம் கழித்து ஒரு தடவை விரலில் குத்திப் பார்ப்பேன். 'ஜீரோ ஷுகர்' லட்டு ஒன்று 180-ஐத் தாண்ட வைத்தது. மால்டிட்டால் சாக்லேட் சுகரை அவ்வளவு ஏற்றவில்லை, ஆனால் வயிறு கடமுடா என்று ராத்திரி முழுக்கத் தூங்கவிடவில்லை. பாக்கெட்டிலேயே மலமிளக்கியாக வேலை செய்யலாம் என்று பொடி எழுத்தில் எச்சரிக்கை உண்டு, பூதக்கண்ணாடிதான் வேண்டும். சுகருக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் திடீரென்று கார்பை வெட்டினால் லோ சுகர் ஆகலாம், டாக்டரிடம் டோஸ் பேசிவிட்டு ஆரம்பியுங்கள்.

நம்ம ஊர் வெயிலைப் பற்றியும் சொல்லவேண்டும். கூரியரில் வரும் பாதாம் மாவை சித்திரை, வைகாசியில் வாங்கவே வாங்காதீர்கள். ஒருமுறை பாக்கெட்டைக் கத்தரித்ததும் பாதாம் வாசனைக்குப் பதில் பழைய எண்ணெயின் காறல் நெடி குப்பென்று அடித்தது, மாவு விரலில் பிசுபிசுவென்று கட்டியாக ஒட்டியது, தேதியைப் பார்த்தால் இன்னும் மாதக்கணக்கில் பாக்கி. எந்த குடோனில் எத்தனை நாள் வெந்ததோ. விற்றவர்கள் திரும்ப எடுத்துக்கொள்ள மாட்டோம் என்றுவிட்டார்கள், திறந்த பாக்கெட்டாம். திறக்காமல் எப்படி மோப்பம் பிடிப்பது? இப்போது முழுப் பாதாமாக வாங்கி, வேண்டும்போது மிக்சியில் பல்ஸ் விட்டு அரைத்துக்கொள்கிறேன், மீதி ஃப்ரிட்ஜில்.

லோ கார்ப் பிரெட் பெரும்பாலும் கோதுமை குளூட்டன்தான், சுகர் அவ்வளவாக ஏறாது, ஆனால் கடித்து மென்றால் ரப்பர் மாதிரி இழுக்கும். டோஸ்ட் போட்டால் ஒருமாதிரி சமாளிக்கலாம். கொஞ்சாக் என்ற கிழங்கில் செய்யும் நூடுல்ஸ் கிட்டத்தட்ட முழுக்கத் தண்ணீர், பாக்கெட்டை உடைத்தால் மீன் வாடை வரும், நன்றாக அலசி வெறும் வாணலியில் ஈரம் போக வதக்கினால் போய்விடும். மிளகு போட்டுச் செய்தால் என் பையனே கேட்டு வாங்கித் தின்கிறான். இதை மட்டும் தொடர்ந்து வாங்குகிறேன்.

விலை என்று வந்தால் எம்ஆர்பிக்குப் பக்கத்தில் கிராமுக்கு இவ்வளவு என்று சின்னதாக ஒரு விலை இருக்கும், அதைப் பாருங்கள். கீட்டோ மிக்சர் என்று 100 கிராம் வாங்கிப் பட்டியலைப் படித்தால் மல்லாட்டை (நிலக்கடலை), கொஞ்சம் பூசணி விதை, உப்பு, காரம். அதே மல்லாட்டை நேதாஜி மார்க்கெட்டில் படி போட்டு வாங்கினால் வீடே தின்னலாம், அதில் மாவுச்சத்து 100 கிராமுக்கு 20-க்கும் கீழேதான், புரதம் 25 பக்கம். பிரியாணி தின்கிற அன்றைக்கு (ஆம்பூர் பக்கத்தில் பொண்ணு கொடுத்திருக்கிறோம், தப்பிக்க முடியாது) சோற்றைக் குறைத்துக் கறியையும் கத்திரிக்காய்த் தொக்கையும் கூடப் போட்டுக்கொள்கிறேன், அதற்கு எந்தப் பாக்கெட்டும் தேவைப்படவில்லை.

கடைசியாக, ஒருமுறை படித்துப் பிடித்துப்போன பாக்கெட்டையும் அடுத்த தடவை திருப்பிப் பாருங்கள். நான் விரும்பி வாங்கிய விதை கிராக்கர் பிஸ்கட் ஒன்று 'புதிய மொறுமொறுப்பு' என்று ஸ்டிக்கர் ஒட்டி வந்தது. முன்பக்கத்தில் அதே லோ கார்ப், அதே பச்சை இலை. பின்னால் பட்டியலில் ஆளிவிதை இரண்டாம் இடத்துக்கு இறங்கி, முதல் இடத்தில் மரவள்ளி ஸ்டார்ச். மொறுமொறுப்பு உண்மைதான், மீட்டரும் ஏறியது. அதை நிறுத்திவிட்டேன்.