லாரி ஓட்டுநர் தினப் பதிவேடு: எட்டு மாதப் பயன்பாட்டுக்குப் பின்

கங்கைகொண்டான் சிப்காட்டிலும் தூத்துக்குடித் துறைமுகத்திலும் சரக்கு ஏற்றி, கேரள எல்லையில் உள்ள புளியரை வழியாகக் கொல்லம் வரை செல்லும் ஆறு லாரிகளை நாங்கள் வைத்திருக்கிறோம். இத்தனை ஆண்டுகளாக எங்களிடம் இருந்த எழுத்துக் கணக்கு டிரிப் ஷீட் ஒன்றுதான். டீசல், டோல், பேட்டா, ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி என்று பணம் போன வழியெல்லாம் அதில் இருக்கும். வண்டி எந்த நிலையில் புறப்பட்டது, ஓட்டுநர் எத்தனை மணி நேரமாக விழித்திருக்கிறார் என்ற இரண்டுக்கு மட்டும் அதில் இடம் கிடையாது. அந்த இரண்டுக்காகவே திருநெல்வேலியில் உள்ள ஓர் அச்சகம் போட்டிருக்கும் ‘ஓட்டுநர் தினப் பதிவேடு’ என்ற புத்தகத்தை முதலில் இரண்டு வண்டிகளுக்கு மட்டும் வாங்கினேன். விலை 160 ரூபாய். ஐம்பது நாளுக்கு வரும். கார்பன் வைத்து எழுதினால் மேல்தாள் அலுவலகத்துக்கு, அடித்தாள் வண்டிக்கு.

புத்தகத்தை விரித்தால் இடப்பக்கம் வண்டிச் சோதனை, வலப்பக்கம் நேரக் கணக்கு. சோதனைப் பக்கத்தை வகுத்தவர் லாரியோடு பழகியவராகத்தான் இருக்க வேண்டும். மற்ற படிவங்களில் எஞ்சின், மின்சாரம், பிரேக் என்று தலைப்பு வாரியாகப் பிரித்திருப்பார்கள். அந்த வரிசைப்படி பார்ப்பதென்றால் வண்டியை மூன்று முறை சுற்ற வேண்டும், மூன்று முறை சுற்றச் சொன்னால் மனிதர் ஒரு முறையும் சுற்றமாட்டார். இதிலோ ஓட்டுநர் கதவில் தொடங்கி, முன்பக்கம் ஹெட்லைட்டும் இண்டிகேட்டரும், இடப்பக்கம் டயர், வீல் நட், ஸ்பிரிங் பட்டை, பின்பக்கம் டெயில் லைட், ரிஃப்ளெக்டர், தார்ப்பாய்க் கயிறு, பிறகு வலப்பக்கம், கடைசியாகக் கேபினுக்குள் பிரேக்குக்கான காற்றழுத்தத்தைக் காட்டும் ஏர் மீட்டரும் ஹேண்ட்பிரேக்கும் என்று, கால் நடக்கும் வரிசையிலேயே கட்டங்கள் அமைந்திருக்கின்றன. நிதானமாகப் பார்த்தாலும் கால் மணி நேரத்தில் முடிந்துவிடும்.

குறை என்னவென்றால், ஒவ்வொரு கட்டத்திலும் ‘சரி’ என்று டிக் போட்டால் போதும். இரண்டாவது வாரமே மேலிருந்து கீழாக ஒரே கோடு இழுத்த தாள் ஒன்று வந்து சேர்ந்தது. அதன்பின் சில கட்டங்களில் டிக்குக்குப் பதிலாக எண்ணை எழுதச் சொன்னேன்: கிலோமீட்டர் எண், ஸ்டெப்னி உட்பட ஒவ்வொரு டயரின் காற்றழுத்தம், எஞ்சினை அணைத்துப் பிரேக்கை மிதித்தபடி ஒரு நிமிடம் இருந்தால் ஏர் மீட்டர் முள் எங்கிருந்து எங்கே இறங்குகிறது என்ற அளவு. எண்ணைக் கேட்டால் மனிதர் கீழே இறங்கித்தான் ஆக வேண்டும். அக்டோபரில் ஒரு நாள் முள் வழக்கத்தைவிட வேகமாக இறங்குவதாக எழுதியிருந்தார் எங்கள் ஓட்டுநர் ஒருவர். பார்த்தால், பின் அச்சுப் பிரேக்குக்குக் காற்று போகும் ஏர் ஹோஸ், வண்டியின் அடிச்சட்டமான சேசிஸில் உரசித் தேய்ந்திருந்தது. அந்த வண்டி அன்றிரவு முழு லோடுடன் புளியரை மலைப்பாதையின் எஸ் வளைவில் போக வேண்டியது.

குறையை விவரிக்க ஒரே ஒரு வரிதான் விட்டிருக்கிறார்கள். அது போதவே போதாது. ஆனால் அதற்குக் கீழே மூன்று கையொப்பங்களுக்கு இடம் இருப்பதைப் பாராட்ட வேண்டும்: குறையை எழுதியவர், சரிசெய்த மெக்கானிக், மறுமுறை வண்டியை எடுப்பவர். அமெரிக்காவில் லாரிக் குறை அறிக்கைக்கு விதித்திருக்கும் முறை ஏறத்தாழ இதுதான். ‘அன்றைக்கே சொன்னேனே’, ‘என்னிடம் யாரும் சொல்லவில்லையே’ என்ற வழக்குகள் எங்கள் ஷெட்டில் வெகுவாகக் குறைந்துவிட்டன.

வலப்பக்கமும் அந்த நாட்டுக் காகிதப் பதிவேட்டின் சாயலில் உள்ளதே. அங்கே 2017 டிசம்பரிலிருந்து பெரும்பாலான நெடுந்தூர லாரிகளில் மின்னணுக் கருவி கட்டாயமாகிவிட்டது. கட்டம் போட்ட தாள் மட்டும் இங்கே நமக்குக் கிடைத்திருக்கிறது. நள்ளிரவு முதல் நள்ளிரவு வரை 24 மணி நேரம், குறுக்கே நான்கு வரிகள்: ஓய்வு, படுக்கை, ஓட்டம், ஓட்டமில்லாத பணி. எந்த நேரத்தில் எந்த நிலையோ அந்த வரியில் கோடு இழுக்க வேண்டும். முதல் நாள் ஓட்டுநர் என்னிடம், “அண்ணாச்சி, வண்டி ஓடாத நேரத்தையுமா எழுதணும்?” என்று கேட்டார். எழுத வேண்டியது முக்கியமாக அதைத்தான். காலையில் வண்டியைச் சோதிக்கும் கால் மணி நேரம், டயர் மாற்றும் நேரம், எடைமேடை வரிசை, துறைமுகக் கேட்டில் காத்துக் கிடக்கும் நேரம், தார்ப்பாய் கட்டும் நேரம் எல்லாம் நான்காவது வரிக்கு உரியவை.

திருநெல்வேலிக்கும் தூத்துக்குடிக்கும் இடையே ஏறத்தாழ 50 கிலோமீட்டர்தான். காலை ஐந்து மணிக்கு வண்டியைத் தொட்ட ஓட்டுநர் பகல் இரண்டு மணிக்கு லோடுடன் துறைமுகத்தை விட்டு வெளியே வந்தார் என்றால், ஓட்டம் என்ற வரியில் ஒன்றரை மணி நேரம் இருக்கும், நான்காவது வரியில் ஏழரை மணி நேரம் இருக்கும். ‘ஒன்றரை மணி நேரந்தானே ஓட்டினாய், அப்படியே கொல்லத்துக்குப் போய்விடு’ என்று சொல்லிப் பழகிய முதலாளிகளில் நானும் ஒருவன். அந்தக் கோட்டைப் பார்த்தபின் அப்படிச் சொல்ல வாய் வருவதில்லை.

இந்தப் புத்தகத்தின் பெரிய பிழை உள்ளட்டையில் இருக்கிறது. கட்டத்தை எடுத்தவர்கள் அமெரிக்க விதியையும் சேர்த்து எடுத்து, ‘ஒரு நாளில் 11 மணி நேரம் ஓட்டலாம்’ என்று அச்சிட்டுவிட்டார்கள். தொடர்ந்து 10 மணி நேரம் ஓய்வெடுத்தபின், பணி தொடங்கியதிலிருந்து 14 மணி நேரத்துக்குள் 11 மணி நேரம் ஓட்டலாம் என்பது அமெரிக்கச் சட்டம். இங்கே 2025 நவம்பர் வரை நடப்பில் இருந்த 1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், ஐந்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் எங்களைப் போன்ற நிறுவனங்களுக்கு வகுத்திருந்த அளவு நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48. நெடுந்தூரம் போன்ற காரணங்களுக்கு அனுமதி பெற்றால் 10 மணி நேரம், வாரத்துக்கு 54. ஐந்து மணி நேர வேலைக்குப்பின் அரை மணி நேரமாவது இடைவேளையும் தர வேண்டியிருந்தது. அந்த 8 மணி நேரம் ஓட்டத்துக்கு மட்டுமல்ல, பணி முழுவதற்கும். ஓட்டுநர் உள்ளட்டையை நம்பினால் மூன்று மணி நேரம் கூடுதலாக ஓட்டிவிட்டு, விதிப்படி நடந்துகொண்டதாகவே நினைப்பார்.

மாலையில் உட்கார்ந்து மொத்தமாகக் கோடு இழுப்பதைப் புத்தகத்தால் தடுக்க முடியாது. வாகைக்குளம், கயத்தாறு, நாங்குநேரிச் சுங்கச்சாவடிகளில் ஃபாஸ்டேக் பணம் எடுத்த குறுஞ்செய்தியின் நேரத்தைத் தாளோடு வாரம் ஒருமுறை ஒப்பிட்டுக்கொள்கிறேன். முன்பு பயன்படுத்திய ஒரு கைப்பேசிச் செயலி இந்த வகையில் மேல்தான். ஆனால் அதில் சோதனையைப் படுத்த இடத்திலிருந்தே முடித்துவிடலாம், ஆங்கிலப் பெயர்களும் எங்கள் ஆட்களுக்குப் பிடிபடவில்லை.

தாளும் அச்சும் நன்றாகவே உள்ளன. கட்டுமானம் பசை மட்டுமே என்பதால், மே மாத வெயிலில் கேபினில் கிடந்த புத்தகம் முதுகு விட்டுப் பிரிந்துவிட்டது. நூல் தையல் போட்டால் பத்து ரூபாய் கூடுதலாகக் கொடுக்கவும் தயார். உள்ளட்டைப் பிழையை அச்சகத்தில் சொன்னேன், அடுத்த அச்சில் மாற்றுவதாகச் சொல்லியிருக்கிறார்கள். இப்போது ஆறு வண்டிகளுக்கும் இதையே வாங்கிவிட்டேன். கொடுப்பதற்கு முன் அந்த வரியின் மேல் சரியான கணக்கை எழுதிய துண்டுத் தாள் ஒன்றை ஒட்டிவிடுகிறேன்.