ஒன்பதும் ஒன்பதுமா, பதினொன்றும் ஏழுமா?

லண்டனில் என் அக்கா நாலு வருஷமாகக் காலையில் ஓர் அலுவலகத்தில் துப்புரவு, மாலையில் ஒரு கடையில் கல்லா என்று ஓடினார். போன மாதம் நேஷனல் இன்சூரன்ஸ் கணக்கை, அதாவது அரசு ஓய்வூதியத்துக்காகச் சம்பளத்திலிருந்து கட்டும் பங்கின் கணக்கைத் திறந்து பார்த்தால், நாலு வருஷமும் முழுமையில்லை என்று கிடக்கிறது. அவர் அழவில்லை, திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

2025-26 வரி ஆண்டின் கணக்கைச் சொல்கிறேன். ஒரே வேலையில் வாரம் 125 பவுண்டாவது வருஷம் முழுக்க வந்தால் அந்த வருஷம் ஓய்வூதியத்துக்குச் சேரும். 125-லிருந்து 242 வரைக்கும் சம்பளத்தில் இன்சூரன்ஸுக்கென்று எதுவும் பிடிக்க மாட்டார்கள், ஆனாலும் கட்டியதாகவே எழுதிக்கொள்வார்கள். 21 வயது ஆனவர்களுக்குக் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 12.21 பவுண்டு, அதாவது பத்து மணி நேரம் வேலை செய்தால் 122.10, மூணு பவுண்டு கூட இல்லாத குறையில் வருஷமே போய்விடும்!

இப்போது தலைப்பில் கேட்ட இரண்டு பிரிவையும் பக்கத்தில் வையுங்கள். இரண்டு இடத்தில் ஒன்பது ஒன்பது மணி நேரம் என்றால் கையில் 219.78 வரும், ஆனால் தனித்தனியாக 109.89தான், வேறு வேறு முதலாளி என்பதால் கூட்டிப் பார்க்க மாட்டார்கள். அதே பதினெட்டு மணி நேரத்தைப் பதினொன்றும் ஏழுமாகப் பிரித்தால் பணம் அதேதான், வருஷமும் சேரும். மகப்பேறு ஊதியத்துக்கும் இதே 125தான் கோடு.

பிள்ளைக்கு 12 வயது ஆகவில்லையா? பிள்ளைகளுக்கு அரசு தரும் சைல்ட் பெனிஃபிட் உதவித்தொகையை வேலைக்குப் போகாத, அல்லது குறைவாகச் சம்பாதிக்கும் ஆளின் பெயரில் போடுங்கள், வருஷம் தானாகச் சேரும். நம் வீடுகளில் பழக்கத்தில் கணவர் பெயரில் போட்டுவிடுகிறோம், அங்கேதான் தவறுகிறது. வருமானம் குறைந்தவர்களுக்கு அரசு தரும் யுனிவர்சல் கிரெடிட் வாங்கினாலும் சேரும்.

விட்டுப்போன வருஷத்தைப் பொதுவாக ஆறு வருஷத்துக்குள் காசு கட்டியும் வாங்கலாம். 2025-26 ஆண்டுக்கு 923 பவுண்டு, அக்காவுக்கு அது கல்லாச் சம்பளத்தில் கிட்டத்தட்ட இரண்டு மாதம். ஆனால் 35 வருஷம் சேர்ந்தால்தான் அந்த ஆண்டுக் கணக்கில் வாரம் 230.25 பவுண்டு முழு ஓய்வூதியம், பத்துக்குக் கீழே ஒன்றும் இல்லை. சேர்க்கும் ஒவ்வொரு வருஷமும் ஆண்டுக்குச் சுமார் 342 பவுண்டு, ஆயுள் முழுக்க வரும். வாங்கச் சொல்வேன், முதலில் ஓய்வூதியச் சேவைக்குப் போன் போட்டுக் கேட்டுக்கொண்டு.

அக்கா கடை மேலாளரிடம் இரண்டு மணி நேரம் கூடக் கேட்டு, துப்புரவில் இரண்டைக் குறைத்துக்கொண்டார். இந்த வாரச் சம்பளச் சீட்டில் 134.31 என்று வந்திருக்கிறது.