24 வோல்ட் லைனில் ஷார்ட்: எம்சிபியா, ஃபியூஸா, எலக்ட்ரானிக் பிரேக்கரா?

பாட்டில் நிரப்பும் லைனின் பேனலைப் புதுப்பித்தபோது 24 வோல்ட் டிசி கிளைகளுக்கு எலக்ட்ரானிக் பிரேக்கரைத் தேர்ந்தெடுத்தோம். விலையில் ஃபியூஸ் மலிவு, எம்சிபி (வீட்டு மெயின் போர்டில் இருக்கும் தானியங்கி பிரேக்கர்) நடுத்தரம், எலக்ட்ரானிக் பல மடங்கு. அதில் விவாதிக்க ஒன்றுமில்லை.

ஷார்ட் ஆனது எந்தக் கிளை என்று எவ்வளவு சீக்கிரம் தெரிகிறது? பராமரிப்புக்காரனுக்கு அதுதான் கேள்வி. எம்சிபி கைவிடுவதும் அங்கேதான். சி வகை எம்சிபி நொடியில் விழ (ட்ரிப் ஆகித் துண்டிக்க), ஏசியிலேயே தன் அளவைப்போல் 5 முதல் 10 மடங்கு கரண்ட் கேட்கும். டிசியில் இன்னும் கூடுதல். 4 ஆம்பியர் எம்சிபிக்கு 40 ஆம்பியருக்கு மேலும் தேவைப்படலாம். 24 வோல்ட் தரும் பவர் சப்ளையான 10 ஆம்பியர் எஸ்எம்பிஎஸ் அதற்கு எங்கே போகும்? கேபிளின் தடை வேறு. 0.75 சதுர மி.மீ. வயர் 50 மீட்டர் ஓடினால், போக வர சுமார் 2.5 ஓம்; கடைசி சென்சாரில் நேரடி ஷார்ட் என்றாலும் 10 ஆம்பியரைத் தொடாது. எம்சிபி உடனே விழாது. எஸ்எம்பிஎஸ் விட்டுவிட்டுத் துடிக்கும், லைனை இயக்கும் கட்டுப்பாட்டுக் கணினியான பிஎல்சி அணைந்து அணைந்து எழும். ஒவ்வொரு வயராகக் கழற்றித் தேட வேண்டியதுதான்.

கண்ணாடி ஃபியூஸ் இதைவிட மேல். 2 ஆம்பியர் வேக ஃபியூஸ் 8 ஆம்பியரில் 0.3 நொடிக்குள் போய்விடும். ஆனால் அதற்குள் பிஎல்சி ரீசெட் ஆகிவிடலாம். விட்டுவிட்டு வரும் ஷார்ட்டில் ஒவ்வொரு சோதனைக்கும் ஒரு ஃபியூஸ் பலி. இரவு ஷிப்டில் தீர்ந்துபோனால் செம்பு இழையைச் சுற்றிவைக்கும் புண்ணியவான்களும் உண்டு.

எலக்ட்ரானிக் பிரேக்கர் கரண்டைத் தானே அளந்து, மில்லி நொடிகளில் அந்த ஒரு சேனலை மட்டும் துண்டிக்கிறது. சிவப்பு விளக்கு எரிகிற சேனல்தான் குற்றவாளி. டிராக் செயினுக்குள் (நகரும் பகுதியோடு கேபிள்களை ஏந்திச் செல்லும் சங்கிலி) கேபிள் உரசியிருந்தால், பட்டனை அழுத்தி ரீசெட் செய்துவிட்டு அந்த நகரும் பகுதியை, அதாவது கேரியேஜை, மெதுவாக நகர்த்துகிறேன். எந்த இடத்தில் மறுபடி விழுகிறதோ, அங்கே வளைகிற கேபிளை உரித்துப் பார்த்தால் போதும்.

ஃபியூஸ் பேனல் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வழி: ஃபியூஸ் இடத்தில் லாரி இண்டிகேட்டரின் 24 வோல்ட், 21 வாட் பல்பை மாட்டுங்கள். ஷார்ட் இருக்கும்வரை முழு வெளிச்சம், கரண்ட் ஒரு ஆம்பியரைத் தாண்டாது. கேபிளை அசைக்கும்போது பல்பு மங்கினால் இடம் அதுதான். அவசரத்தில் மெக்கர் (உயர் வோல்டேஜ் கொடுத்து இன்சுலேஷனைச் சோதிக்கும் கருவி) போட்டுவிடாதீர்கள், பிஎல்சி கார்டு போய்விடும்.

எலக்ட்ரானிக்கிலும் குறை உண்டு. மாட்யூல் கெட்டால் அதன் எல்லாச் சேனல்களும் சேர்ந்து போகும். கையில் ஒரு ஸ்பேர் அவசியம். கோடை வெப்பத்தில் பல வருடம் தாங்குமா என்று சொல்லும் அளவுக்கு எங்களுடையது இன்னும் பழசாகவில்லை. 230 வோல்ட் ஏசி பக்கம் மட்டும் எம்சிபியை மாற்றவில்லை. அங்கே அது விழத் தேவையான கரண்ட் தாராளமாகக் கிடைக்கிறது.