மலப் பரிசோதனையா, கொலனோஸ்கோபியா?

பெருங்குடல் புற்றுநோயை முன்கூட்டியே கண்டுபிடிக்க எதைச் செய்வது? காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் 45 தாண்டிய பலருக்கும் இந்தக் குழப்பம்.

செலவு: மலத்தில் மறைந்திருக்கும் ரத்தத்தைப் பார்க்கும் 'ஃபிட்' மலிவு, ஆனால் வருடாவருடம். ஆசனவாய் வழியே கேமராக் குழாயை விட்டுக் குடலைப் பார்க்கும் கொலனோஸ்கோபி பல மடங்கு. அதில் எதுவும் தென்படாவிட்டால் பொதுவாக 10 வருடம் கழித்துத்தான் அடுத்தது.

சிரமம்: ஃபிட்டுக்குப் பத்தியமில்லை, மலம் கழிவறைத் தண்ணீரில் படக்கூடாது, அவ்வளவுதான். கொலனோஸ்கோபிக்கு 2-3 நாள் முன்பே கவுனி அரிசி, கீரை, கொய்யாவை நிறுத்த வேண்டும். பேதி மருந்தைப் பாதியில் விடாதீர்கள். தெளிந்த மஞ்சள் நீராகப் போகும்வரை குடல் சுத்தமாகவில்லை. கசடு மிஞ்சினால் சின்ன பாலிப் (குடலின் உட்சுவரில் வளரும், பின்னாளில் புற்றாக மாறக்கூடிய சதை வளர்ச்சி) மறைந்துவிடும்.

பலன்: ரத்தம் கசியாத பாலிப்பை ஃபிட் தவறவிடும். கொலனோஸ்கோபியில் பெரும்பாலும் அப்போதே எடுத்துவிடலாம்.

தொந்தரவும், குடும்பத்தில் இந்தப் புற்றுநோயும் இல்லாதவர்களுக்குப் பொதுவாக ஃபிட் போதும். பாசிட்டிவ் என்றால் கொலனோஸ்கோபி கட்டாயம். மலத்தில் ரத்தமா, காரணம் தெரியாத ரத்தசோகையா? மூலம்தான் என்று நீங்களே முடிவுகட்டாதீர்கள். வயது 35 ஆனாலும் ஃபிட்டோடு நிற்காமல் குடல் மருத்துவரிடம் கொலனோஸ்கோபி பற்றிக் கேளுங்கள்.